கேட்டுக்குப் பக்கத்து இடம்

லேமினேஷன் சூடு கூட ஆறாத அந்த அட்டையை விஜயகுமாரியின் வண்டி முகப்பில் டேப் போட்டு ஒட்டினார் எச்.ஆர். மேனேஜர் திருமூர்த்தி. மேலே மாற்றுத்திறனாளி வாகன நிறுத்த அனுமதி என்று எழுதியிருந்தது. கீழே கம்பெனி சீல். வழங்கிய தேதி இரண்டு வருஷத்துக்கு முந்தியது. அடேங்கப்பா! இப்படி ஓர் அட்டை இத்தனை நாளாகத் தன்னிடம் இருப்பது அவளுக்கே இன்றைக்குத்தான் தெரியும்.

"எத்தனை வருசமா இங்க நிறுத்தறே? சொல்லு கண்ணு, பாக்கலாம்."

"ரெண்டு வருசமாங்க."

"அவங்க முன்னால தடுமாறாமச் சொல்லோணும்."

நல்லூரில் அந்தப் பனியன் கம்பெனிக்கு ஆடிட் என்றால் இதெல்லாம் சகஜம். பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆள் சோதனைக்கு வருகிறாரென்றால் முதலுதவிப் பெட்டிக்கு மருந்து வரும், கக்கூஸுக்கு சோப்பு வரும், சாயங்காலமே இரண்டும் ஸ்டோர் ரூமுக்குத் திரும்பிப் போகும். இந்தத் தடவை கேட்டுக்குப் பக்கத்தில், ரேம்ப்பை ஒட்டி, தரையில் வெள்ளையாக ஒரு சக்கர நாற்காலிப் படம் வந்திருந்தது. முதலாளியின் கார் நிற்கிற இடம் அது. காரை இன்றைக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள்.

மற்ற நாளில் விஜயகுமாரி தன் சைடு வீல் ஸ்கூட்டரை பாய்லரைத் தாண்டிப் பின்பக்கம்தான் நிறுத்த வேண்டும். அங்கிருந்து அவள் வேலை பார்க்கிற செக்கிங் டேபிளுக்கு இருநூற்றுப் பத்து காலடி, எண்ணி வைத்திருக்கிறாள். போலியோ வந்த இடது காலை இழுத்துக்கொண்டு, கட்டையை ஊன்றி, ஈரத்தரையில் நடக்க வேண்டும். போன மாசம் வழுக்கி விழுந்ததில் நல்ல காலின் முட்டி வீங்கி ஒன்பது நாள் படுத்துவிட்டாள். இந்தக் காலும் போனால் தன் கதி என்ன என்று அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை. அது தெரிந்துதான் திருமூர்த்தி ஆசை காட்டினார்: "நல்லபடியாச் சொல்லு, இந்த எடம் உனக்கேதான். மொதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்."

பத்தரைக்கு ஆடிட்டர் வந்தாள். வர்ஷினி என்று பெயர், சென்னைப் பெண், முப்பது வயசு கூட இருக்காது. ஆளைத் தனியாக வைத்துத்தான் கேட்பாள். திருமூர்த்தி பத்தடி தள்ளி, போன் பேசுகிற மாதிரி நின்றுகொண்டார்.

"அக்கா, வண்டியை ஒரு தடவை எடுத்துக் காட்டுங்க. இடம் போதுதான்னு பாக்கணும்."

அங்கேதான் வந்தது வினை. விஜயகுமாரி வண்டியை முன்னால் நகர்த்தியதும் சக்கரங்கள் மூன்று வெள்ளைக் கோடுகளை இழுத்துக்கொண்டு வந்தன. தரையிலிருந்த நாற்காலி கோணிக்கொண்டது. பெயிண்டர் கிடைக்கவில்லை என்று பிரிண்டிங் செக்‌ஷன் ஆரோக்கியராஜ்தான் முந்தின நாள் பனியனுக்கு அடிக்கிற மையைக் கொண்டுவந்து, ஃபிரேம் வைத்து அச்சுப் போட்டிருந்தான். அச்சு என்னவோ பிரமாதம். ஆனால் அந்த மை ஹீட்டருக்குள் போனால்தான் காயும், சும்மா விட்டால் மாசக்கணக்கானாலும் ஒட்டும். தினமும் அதிலேயே புரள்கிற மனுஷனுக்கு அவசரத்தில் அது தோன்றவில்லை.

வர்ஷினி குனிந்து தொட்டாள். விரலில் வெள்ளை. அட்டையிலிருந்த தேதியை நிதானமாகப் படித்தாள்.

"எத்தனை நாளா இங்க நிறுத்துறீங்க?"

திருமூர்த்தியின் போன் காதைவிட்டு இறங்கியது. விஜயகுமாரி அவரைப் பார்த்தாள். இல்லை என்று சொன்னால் கம்பெனிக்கு ஆர்டர் கைவிட்டுப் போகலாம். முந்நூறு பேர் அவளைக் கரித்துக் கொட்டுவார்கள். ரெண்டு வருசமாங்க என்பது நுனிநாக்கில்தான் நின்றது. ஆனால் இடம் இருக்கிறது என்று தானே சொல்லிவிட்டால், பிறகு இல்லை என்று எந்த வாயால் போய்க் கேட்பது? ஃபைலில் அவளுக்கு இடம் இருக்கும். அவள் மட்டும் பின்பக்கம் நடந்துகொண்டிருப்பாள்.

"இன்னைக்குத்தானுங்க," என்றாள். "நாளைக்கும் வேணுமுங்க. அதையும் எழுதிக்குங்க."

வர்ஷினி எழுதினாள். என்ன எழுதினாளோ, யாருக்கும் காட்டவில்லை. சாயங்காலம் திருமூர்த்தி அட்டையை டேப்போடு பிய்த்தெடுத்தார். "உன்னைய நம்புனேன் பாரு, என்னையச் சொல்லோணும்." செக்கிங் டேபிளில் பக்கத்தில் இருப்பவள்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் விஜயகுமாரி அழுதாள்.

மறுநாள் காலை அரைமணி முன்னதாகவே வந்தாள். வாட்ச்மேன் சோணைமுத்து கேட்டைப் பாதி திறந்துவிட்டுக் கையைப் பிசைந்தார்.

"பின்னாடி விடச் சொல்லியிருக்காக தாயி. நான் என்ன செய்ய?"

"நீங்க சொல்லிட்டீங்க, நான் கேட்டுக்கிட்டனுங்க," என்று சொல்லிவிட்டு, ரேம்ப்பை ஒட்டிக் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினாள். சாவியை எடுத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

பின்னால் முதலாளியின் கார் வந்து நின்றது. ஹாரன் அடித்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை, நீளமாக. சோணைமுத்து விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை. விஜயகுமாரி கட்டையைத் தரையில் ஊன்றினாள். நல்ல காலை இறக்கினாள். கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல், இடது காலை இரண்டு கையாலும் தூக்கி மெதுவாகக் கீழே வைத்தாள்.