ஐயா பார்க்காத ரைடு

வானதி நடுக்கோட்டைத் தாண்டி வந்து விழுந்தபோது அவளிடம் மூச்சு துளிகூட மிச்சமில்லை. இனி வேண்டியதும் இல்லை. இரண்டு அணியும் சமமாக நின்ற கபடி இறுதி ஆட்டத்தின் கடைசி ரைடு அது. கூத்தாநல்லூர் அணியின் ஷமாவைத் தோளில் தொட்டுவிட்டுத் திரும்பியிருந்தாள். நடுவர் ஆசீர்வாதம் விசில் ஊதி, குத்தாலம் பெண்கள் ஜெயித்தார்கள் என்று கையைத் தூக்கினார்.

முட்டியில் ஆபரேஷன் செய்த பிறகு இவள் இனி அவ்வளவுதான் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. மாமியார் வீட்டில் அதைச் சந்தோஷமாகவே சொன்னார்கள். வானதி யாருக்கும் பதில் பேசவில்லை. விடிவதற்கு முன் வாய்க்கால் கரையில் கபடி கபடி என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டே ஓடினாள். கல்யாணப் பந்தியில் வடையை ஒதுக்கி வைத்து எல்லார் வாயிலும் விழுந்தாள். பேசாத பதிலெல்லாம் இந்த ஒரு ரைடில் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் வெடிச் சத்தம் கேட்டது. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த சிறப்பு விருந்தினர், கோப்பை வாங்கிக் கொடுத்த புண்ணியவான், அறுவடை முடிந்த வயலில் காரை விட்டு இறங்கினார். சாயங்காலம் முழுக்க எட்டிப் பார்க்காதவர். விழாக்குழுச் செயலாளர் இளஞ்செழியன் பொன்னாடையோடு ஓடினான். திரும்பி வந்ததும், கடைசி ரைடு மறுபடி நடக்கும் என்று மைக்கில் அறிவித்தான். ஐயா கை கொடுத்துத் தொடங்கி வைப்பாராம். ட்ரோனும் அப்போதுதான் மேலே ஏறுமாம்.

வானதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பிடிச்சுட்டாங்கன்னா?” என்று கேட்டாள்.

“பிடிச்சா பிடிச்சதுதாம்மா. ஐயா முன்னாடி நடக்குறதுதான் கணக்கு.”

“நட்ட நாத்தை ஃபோட்டோவுக்காகப் புடுங்கி மறுபடி நடுவீங்களாண்ணே?”

இதை இவர்களிடம் கேட்டே இருக்கக் கூடாது. போன குறுவையில், பிந்தி வந்த வேறொரு பெரிய மனிதருக்காக அதையும் செய்தவர்கள்தான். இளஞ்செழியனுக்குச் சுருக்கென்றுகூட இல்லை. முடியாது என்றால் கோப்பை இரண்டு அணிக்கும் பொது என்று சொல்லிவிட்டான்.

ஆசீர்வாதத்தைப் பார்த்தாள். கமிட்டி சொன்னால் நான் என்னம்மா செய்வது என்று அவர் தரையைப் பார்த்து முனகினார். சொந்த அணிக்காரிகளே, போய்ட்டு வந்துடுக்கா என்று கெஞ்சினார்கள். என்ன ஜென்மங்கள் இவர்கள். ஒருத்தி வருஷம் பூராவும் பட்ட பாட்டை, ஒருவர் கை குலுக்குவதற்காகக் கலைத்துப் போடுவார்கள். அதற்கு மரியாதை என்று பெயரும் வைப்பார்கள். பாடி முடித்த ராகத்தை, பிந்தி வந்தவருக்காகத் திரும்பப் பாடு என்று கச்சேரி மேடையில் சொல்வார்களா? சொல்வார்கள், இவர்கள் சொல்வார்கள்.

ஐயா சிரித்துக்கொண்டே கை கொடுத்தார். வானதி கோட்டருகே போய் நின்றாள். எதிர்ப்பக்கம் ஓர் ஆள் குறைந்தது. அவுட்டானவர்கள் உட்காரும் இடத்தில் ஷமா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே வா, கோப்பை கைக்கு வருகிறது என்று அவளுடைய கேப்டன் அதட்டினாள்.

“வர மாட்டேன்க்கா. என்னைத் தொட்டாங்க. நான் அவுட்டு.”

ஆசீர்வாதமும் கூப்பிட்டுப் பார்த்தார். ஷமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வானதிக்குக் கோபம் தணியவில்லை, அதற்கு ஒரு துணை கிடைத்திருந்தது. கோட்டை விட்டு நகர்ந்து, போய் ஷமாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இப்ப ஊதுங்க சார். முன்ன எதுக்கு ஊதினீங்களோ, அதுக்கே ஊதுங்க.”

ஆசீர்வாதம் இளஞ்செழியனைப் பார்த்தார். உட்கார்ந்திருந்த இருவரையும் பார்த்தார். பிறகு விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதி, குத்தாலம் பக்கம் கையைத் தூக்கினார்.

ஆட்டம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து, ஐயா கை தட்டினார்.