மூடினாலும் போகாதது

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் ஆறு வருஷமாக பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தாள் ரிஹானா. மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின். பட்டா, வருமானச் சான்று என்று வருகிறவர்களுக்கு அவளே தட்டிக் கொடுப்பாள். தெரிந்தவர்கள் தாங்களே உட்கார்ந்து தட்டுவார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை நைனார்பாளையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயசுக்குள்தான் இருக்கும். போன் இல்லையா என்று கேட்டதற்கு, "இருக்குதுக்கா. அவரு தினம் வாங்கிப் பாக்கறாரு" என்றாள். ரிஹானா அதற்குமேல் கேட்காமல் ஓரத்து மிஷினில் உட்கார வைத்தாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அரை மணி நேரம் தட்டினாள் அந்தப் பெண். எழுந்திருக்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

"நான் பாத்ததெல்லாம் அழிஞ்சிடுங்களா?"

"மூடிட்டா போயிடும். நீ தைரியமா போ."

வியாழக்கிழமை சுபாஷ் என்று ஒருத்தன் ரேஷன் கார்டோடு வந்தான். கார்டில் மனைவியின் போன் நம்பரை எடுத்துவிட்டுத் தன்னுடையதைப் போட வேண்டுமாம். மற்ற இரண்டு மிஷினிலும் ஆள் இருந்ததால் ஓரத்து மிஷினில் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரிஹானாவே தட்டினாள். மனைவி பேர் தேவிப்ரியா என்றான். முதல் எழுத்தைத்தான் அடித்திருப்பாள், முழுப் பேர், நைனார்பாளையம் விலாசம், போன் நம்பர் எல்லாம் தானாக வந்து விழுந்தது. ஓரத்தில் ஒரு கட்டம் விரிந்தது: 'விட்ட இடத்திலிருந்து தொடரலாமா?' அதன் கீழே, குடும்ப வன்முறைக்கு இலவச சட்ட உதவி கேட்கும் மனு.

ரிஹானா திரையை மறைத்துக் கையை வைத்தாள். அதற்குள் அவன் படித்துவிட்டான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காகிதங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு, "தேங்க்ஸுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். தேவிப்ரியாவைக் கூப்பிட்டுச் சொல்லவும் ரிஹானாவுக்கு வழியில்லை; அந்த போனை அவன்தான் தினம் வாங்கிப் பார்க்கிறான்.

சனிக்கிழமை காலை தேவிப்ரியா வந்தாள். இடது கையில் மாவுக்கட்டு, தோளில் ஒரு துணிப்பை. கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள்.

"மூடிட்டா போயிடும்னு சொன்னீங்களே."

ரிஹானா எழுந்து வாசலுக்கு வந்தாள். "உள்ள வாம்மா. அந்த மனுவ நானே இப்ப அடிச்சித் தரேன்."

"மிஷின் வேணாங்க. ஒரு வெள்ளப் பேப்பர் குடுங்க."

ஜெராக்ஸ் மிஷின்மேல் பேப்பரை வைத்து, நின்றபடியே கையால் எழுதி முடித்தாள். ரிஹானா ஷட்டரை இழுத்துவிட்டு ஆட்டோ பிடித்து அவளைக் கோர்ட் வளாகத்திலிருந்த சட்ட உதவி ஆபீசுக்குக் கூட்டிப்போனாள். அங்கே மனுவை வாங்கிய அம்மா, நீங்க யாரு என்று ரிஹானாவைக் கேட்டார்.

"இவங்க அடி வாங்கனதுக்கு என் கடையும் ஒரு காரணங்க" என்றாள். நடந்ததை முழுசாகச் சொல்லி, எழுதிக் கையெழுத்தும் போட்டாள். தேவிப்ரியா அங்கிருந்தே களமருதூருக்கு, அம்மா வீட்டுக்கு, பஸ் ஏறிப் போனாள். போகும்போது ரிஹானாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானம் ரிஹானா தன் தம்பி நவுஷாத்தைக் கூப்பிட்டாள். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன் அவன். தட்டியதையெல்லாம் சேர்த்து வைத்த அந்த பிரவுசரை மூன்று மிஷினிலும் போட்டவனும் அவன்தான். ரிஹானாவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கிவிடும்.

"இத ஏன்டா போட்ட?"

"ஒரு கம்பெனிக்காரன் போடச் சொன்னான்க்கா. மிஷினுக்கு இவ்ளோன்னு கமிஷன் குடுத்தான். எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்கும், சௌகரியம்."

"யாருக்கு சௌகரியம்? ஒரு பொண்ணு கை ஒடைஞ்சி நிக்கிறா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதை எடுத்துவிட்டு ஓப்பன் சோர்ஸ் பிரவுசர் போட்டுத் தருவதாகச் சொன்னான். அதை எழுதியிருக்கிற புரோகிராமை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருட்டுத்தனமாக ஒன்றும் ஒளித்து வைக்க முடியாது என்றான்.

"நீ படிச்சியா?"

"இல்லக்கா. தெரிஞ்சவங்க படிக்கறாங்க. தப்பு இருந்தா வெளிய சொல்லிடுவாங்க."

"போடு. ஆனா நான் பாக்காம வுட மாட்டேன்."

போட்டு முடித்ததும் ரிஹானா உட்கார்ந்தாள். இல்லாத ஒரு பேரை ஒரு மனு பாரத்தில் அடித்தாள், மூடினாள், திறந்தாள். முதல் எழுத்தை அடித்ததும் பேர் வந்து நின்றது.

"இதுவும் அதேதானேடா."

"செட்டிங்ஸ்ல மாத்தணும்க்கா. வரும்போது அப்டித்தான் வரும்."

"அப்போ ஓப்பன் சோர்ஸ்னு பேர் இருந்தா மட்டும் போதாது. மாத்து, என் கண்ணு முன்னால மாத்து."

மூடியதும் பார்த்ததெல்லாம் அழிய வேண்டும். பேரையும் பாஸ்வேர்டையும் சேர்த்து வைக்கவே கூடாது. பின்னாலேயே வந்து வேவு பார்க்கிற விளம்பரங்களைத் தடுக்க வேண்டும். ஒரு மிஷினில் தட்டியது இன்னொன்றில் போய் நிற்க வைக்கிற பிரவுசர் அக்கவுண்ட் இருக்கவே கூடாது. டவுன்லோட் ஆன பைல் தங்கிவிடுகிறதே என்று நடுவில் அவளுக்கே தோன்றியது; பிரவுசர் அதை அழிக்காது என்று தெரிந்ததும், மிஷினை அணைத்தால் அதுவும் போகிற மாதிரி தனியாக ஒரு ஏற்பாடு செய்ய வைத்தாள். உட்காருகிறவர் யாரும் இதையெல்லாம் மாற்ற முடியாதபடி பூட்டவும் வைத்தாள். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சோதித்தாள். அப்படியும் கோபம் தணியவில்லை. இவ்வளவையும் ஆறு வருஷம் முன்னாலேயே செய்திருக்கலாம்.

பத்து நாள் கழித்து சுபாஷ் வந்தான்.

"அவ இங்க இன்னா இன்னா பாத்தான்னு காட்டுங்க."

"உக்காந்து நீங்களே தேடுங்க."

தட்டினான். ஒன்றும் வரவில்லை. "அழிச்சிட்டீங்களா?"

"இப்பல்லாம் இங்க எதுவும் சேத்து வெக்கறதில்ல. இருந்திருந்தாலும் காட்டியிருக்க மாட்டேன்."

"அவ என் பொண்டாட்டிங்க."

"அவங்க கை ஒடைஞ்சதுல என் பங்கு இன்னான்னு எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டேன். உங்க பங்க நீங்க கோர்ட்ல போயி சொல்லுங்க."

நாற்காலியை எட்டி உதைத்துவிட்டுப் போனான். ரிஹானா அதை நிமிர்த்தி வைத்துவிட்டு, அவன் வந்து போன நேரத்தையும் அவன் பேசியதையும் எழுதிச் சட்ட உதவி ஆபீசுக்கு அனுப்பினாள்.

இரண்டு மாதத்தில் தேவிப்ரியாவுக்குப் பாதுகாப்பு உத்தரவு கிடைத்தது. புது நம்பரிலிருந்து கூப்பிட்டு, "ஆர்டர் வந்திடுச்சுங்க" என்று மட்டும் சொன்னாள். முன்னே சொன்ன 'அக்கா' அதில் இல்லை. ரிஹானாவும் அதைக் கேட்க வாயெடுக்கவில்லை.

கமிஷனுக்காகப் போட்ட அந்தப் பழைய பிரவுசரை நவுஷாத் இன்னும் பதினோரு கடைகளில் போட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனை வண்டி ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு கடைக்கும் அதை எடுக்க வைக்கப் போனாள். உளுந்தூர்பேட்டையில் ஒரு கடைக்காரர் எடுக்க முடியாது என்றார்.

"பேரு அதுவா வருதும்மா. வேலை சீக்கிரம் முடியுது. இதுல உனக்கு இன்னா கஷ்டம்?"

ரிஹானா ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டாள். "சொல்றேங்க" என்று உட்கார்ந்தாள்.