எடுத்துக்காட்டுக்கு அக்காவின் அட்டை எண்

1

இந்தக் கதை ஒரு சோம்பேறித்தனத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஓர் ஆய்வகத்தின் கதவுகள் எழுதிவைக்கும் லாக் என்ற பதிவேட்டிலிருந்து நேரத்தை எடுத்துத் தரும் இரண்டு ஃபங்ஷன்களுக்கு, அதாவது சிறு நிரல்களுக்கு, விளக்கக் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. அட்டை எண்ணைக் கொடுத்தால், அந்த அட்டை உள்ளே போன நேரத்தை ஒன்று சொல்லும். வெளியே வந்த நேரத்தை மற்றொன்று. இரண்டுக்கும் எடுத்துக்காட்டு வேண்டும். புதிதாக ஓர் எண்ணை யோசிக்கச் சோம்பி, எனக்கு மனப்பாடமான அக்காவின் அட்டை எண்ணைப் போட்டேன். 3108. (நிஜ ஆளின் எண்ணைப் போடுவது எங்கள் தொழிலில் கூடாது. எல்லோரும் செய்வோம்.)

உள்ளே போனது: 09:17:40. சும்மா தோன்றிய நேரம்.

வெளியே வந்தது: பதிவு இல்லை. விடை கிடைக்காத நிலையையும் காட்ட வேண்டுமே.

2

அக்கா அங்கே மாதிரிகள் வைக்கும் குளிரறையில் வேலை பார்க்கிறாள். எலும்பைத் துளைக்கும் அந்தக் குளிரில், வெள்ளை விளக்குகளின் கீழே அவள்

(இதை விட்டுவிடுகிறேன். நான் அந்த அறையைப் பார்த்ததே இல்லை.)

மறுநாள் மாலை சரிபார்ப்பதற்காக இரண்டையும் ஓடவிட்டேன். உள்ளே போனது 09:17:40. நான் சும்மா எழுதியதிலிருந்து ஒரு நொடிகூடப் பிசகவில்லை. வெளியே வந்தது: பதிவு இல்லை. அவளுக்கு நாலு மணிக்கு வேலை முடியும். அப்போது ஐந்தேகால்.

போன் செய்தேன்.

"கதவு தொறக்க மாட்டேங்குதுடா. மெக்கானிக் வெளிய நின்னு பாத்துட்டு, எல்லாம் சரியாத்தான் இருக்குன்னுட்டுப் போய்ட்டார். சரியா இருக்கற கதவுக்கு இந்தப் பக்கம் நான் உக்காந்திருக்கேன்."

"ரொம்பக் குளிருதாக்கா?"

"இல்ல, வேர்க்குது. கேக்குறான் பாரு கேள்வி."

சிரித்தாள். பற்கள் ஒன்றோடொன்று தட்டுவது கேட்டது.

3

கதைக்கு முதல் முடிவு: மெக்கானிக் திரும்பி வந்து கதவை உடைக்கிறார். எழுதிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இரண்டாவது: நான் அந்த ஃபங்ஷனை ஓடவிடவே இல்லை. அப்படியானால்

மூன்றாவதை எழுதவில்லை, செய்தேன். குறிப்பில் 'பதிவு இல்லை' என்பதை அழித்துவிட்டு 17:40:00 என்று அடித்தேன். அதற்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. அந்த நான்கு நிமிடமும் ஃபங்ஷனைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன்.

4

வெளியே வந்தது: 17:40:00.

வாசல் காவலாளிக்குப் போன் போட்டேன்.

"உங்கக்கா இப்பத்தான் போனாங்க தம்பி. எப்பவும் 'வரேண்ணே'ன்னு சொல்லிட்டுப் போவாங்க. இன்னிக்குத் தலையக்கூட நிமிர்த்தல."

மூச்சு வந்தது. போனை வைத்ததும் அக்கா கூப்பிட்டாள்.

"டேய், கதவு ஒரு தடவ தொறந்து மூடிக்கிச்சு. நான் எந்திரிக்கறதுக்குள்ள, என் பக்கத்துலேர்ந்து யாரோ எந்திரிச்சுப் போன மாதிரி இருந்துது. என் அட்டையக் காணோம். கால் மரத்துப்போச்சு. சீக்கிரம் ஏதாவது பண்ணுடா."

5

இன்னொரு நேரத்தை எழுதினால் கதவு மறுபடி திறக்கும். அப்போது எழுந்து வருவது அக்காவா, அவள் பக்கத்தில் காத்திருக்கும் அடுத்தவளா? லாக்குக்கு அட்டை தெரியும், ஆள் தெரியாது.

என் கை எழுதியதால் என்ன ஆனதென்று பார்த்தீர்கள். அதனால் இந்த வரியை உங்களிடம் விடுகிறேன்.

3108, வெளியே வந்தது: [          ]

நேரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். யார் என்பதையும் எழுதுங்கள்.