ரசத்தில் தீராத தாகம்

வெள்ளச்சி எட்டுக் குட்டி போட்டு நாலு நாளாயிற்று. பன்றியின் மடியில் பால் வற்றிக்கொண்டே வந்தது. குட்டிகள் காம்பைச் சப்பிப் பார்த்துவிட்டுக் கத்தின. கடைக்குட்டி கத்துவதையும் நிறுத்திவிட்டது. கெம்பம்மா அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அவள் புருஷன் திம்மப்பன் ஓசூர்த் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து, கேன்டீனில் மிஞ்சிய சோறும் ரசமும் கலந்த டின்னைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான்.

"வெள்ளச்சிக்குத் தண்ணி வெச்சுப் பாக்கட்டுமா?" என்றாள்.

"தெனம் ஒரு டின்னு ரசமும் சாம்பாருமா குடிக்குது. இதுக்கு மேல தண்ணி எதுக்கு கெம்பி? வயித்தால போவும்."

சொல்லிவிட்டுச் சொம்பு நிறையத் தண்ணீர் குடித்தான். இன்னொரு சொம்பும் குடித்தான். மூன்றாவதற்குக் குடத்தைச் சாய்த்தான்.

"மத்தியானம் என்னா சாப்பிட்ட?"

"கேன்டீன் சோறுதான். ஒரே உப்பு."

"ரசம் ஊத்தலையா?"

"ரெண்டு தரம் ஊத்துனான்."

"அப்பறம் உனக்கு எதுக்குய்யா தண்ணி?"

திம்மப்பன் சொம்பைப் பார்த்தான், வெள்ளச்சியைப் பார்த்தான். குடத்தைத் தூக்கிக்கொண்டு அடிபம்புக்குப் போனான்.

கெம்பம்மா ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தாள். பொழுது சாய்வதற்குள் மூன்று குடம் காலியானது.

இரண்டாம் நாள் காலையில் கொட்டகையில் கத்தல் இல்லை. எட்டும் வரிசையாகப் பால் குடித்தன. கடைக்குட்டி பக்கத்துக் குட்டியை முட்டித் தள்ளி இடம் பிடித்துக்கொண்டிருந்தது. அடிபம்பு சத்தம் மட்டும் விடாமல் கேட்டது.