தகட்டைப் பிடித்துக்கொண்டவள்

எனக்கு நாற்பத்தேழு வயதாகும்போது நான் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் காகிதம் வெட்டிய கை. ஒரு மாதம் வீட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பிறகு ரோஷம் வந்து வெல்டிங் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் என் வயதில் பாதி. வாத்தியாருக்கே முப்பதுதான் இருக்கும். முதல் வாரமே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: பசை அண்ணன். நான் தொட்டால் போதும், பற்றவைக்கிற கம்பி, அதாவது ராடு, இரும்புத் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

ராடின் நுனியைத் தகட்டில் உரசி, உடனே ஒரு நூல் அளவு தூக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை. சற்றுத் தாமதித்தால் ஒட்டிக்கொள்ளும், அதிகம் தூக்கினால் பொறி அணைந்துபோகும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஒரு தடவை ஒட்டினால் அடுத்த தடவை ஓங்கிக் குத்துவேன். குத்தினால் இன்னும் நன்றாக ஒட்டும்.

"அண்ணே, தீக்குச்சி கிழிக்கிற மாதிரி லேசா உரசுங்க. கோவத்தையெல்லாம் ராடுல காட்டாதீங்க. அது உங்க வீட்டம்மாவா, பொறுத்துப் போக?" என்பார் வாத்தியார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

ஒரு கதவுப் பட்டறையில் ஆள் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை முதலாளி முன்னால் செய்து காட்ட வேண்டும். ஒரு தகட்டைப் படுக்கப் போட்டு, அதன் நடுவில் இன்னொன்றைச் செங்குத்தாக நிறுத்தி ஒட்டுவதுதான் பரீட்சை. சனி, ஞாயிறு பழகிக்கொள்ளச் சொல்லி வாத்தியார் ஒரு சின்ன மெஷினையும், கறுப்புக் கண்ணாடி வைத்து முகத்தை மூடுகிற ஒரு ஹெல்மெட்டையும் கொடுத்தனுப்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவிக்கும் பரீட்சை. அவள் ஒரு அலுவலகத்தில் எழுத்தர். தேறினால் கண்காணிப்பாளர் ஆகலாம். போன தடவை நாலு மதிப்பெண்ணில் போயிற்று. நாற்பத்தைந்துக்கு மேல் எழுத விடமாட்டார்கள், அவளுக்கு அடுத்த மாதம் அது முடிகிறது. ஆகவே இதுதான் கடைசி. இரண்டு வருடமாக விதிகளைத் துண்டுக் காகிதங்களில் எழுதி அடுப்புக்கு மேலே, கண்ணாடி ஓரத்தில், குளியலறைக் கதவில் என்று ஒட்டிவைத்திருந்தாள். பல் தேய்க்கும்போது பார்த்துப் பார்த்தே எனக்கும் ஈட்டிய விடுப்புக் கணக்கு மனப்பாடம்.

சனிக்கிழமை மதியம் துணி துவைக்கும் இடத்தில் மெஷினை வைத்து ஆரம்பித்தேன். ராடு ஒட்டியது. பிடுங்கினால் நிறுத்திவைத்த தகடு சாய்ந்தது. நிறுத்தினேன், ஒட்டியது, சாய்ந்தது. தகட்டைக் கவ்விப் பிடிக்க ஒரு கிளாம்ப் இருந்தால் வேலை முடிந்தது. கடை நாலு தெரு தள்ளி. சட்டை மாட்டிக்கொண்டு போகச் சோம்பல்பட்டேன். அவளைக் கூப்பிட்டேன்.

"அரை மணி நேரம். இந்தத் தகட்ட மட்டும் பிடிச்சுக்க."

"படிக்கணுங்க. இன்னும் ரெண்டு பாடம் பாக்கி இருக்கு."

"மடியில வச்சுப் படி. நான் 'ம்' சொன்னதும் கண்ண மூடிக்க. முடிஞ்சதும் தொறந்துக்கலாம்."

வந்து உட்கார்ந்தாள். கையில் என் பழைய கையுறை, மடியில் புத்தகம். நான் 'ம்' என்றேன், அவள் கண்ணை மூடினாள். ராடு ஒட்டியது. கண்ணைத் திறந்து என்ன ஆயிற்று என்று பார்த்தாள். இதற்குள் எனக்கு ஆத்திரம் பொங்கி, 'ம்' சொல்லாமலேயே அடுத்த குத்து. பளீரென்று ஒரு வெளிச்சம். இப்படி எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது. நன்றாகப் பற்றவைக்கத் தெரிந்தவன் கூட இருந்தால் கண்ணை மூட நேரம் கிடைக்கும். என்னைப் போல அரைகுறையிடம் மாட்டினால் எப்போது மூட, எப்போது திறக்க?

அரை மணி நேரம் என்றது இரண்டரை மணி நேரமாயிற்று. கடைசி அரை மணியில்தான் கைக்குப் புத்தி வந்தது. முழங்கையைத் தொடையில் ஊன்றினேன். பற்றவைக்காமலே ஒரு தடவை கையை ஓட்டிப் பார்த்தேன். மூச்சை விட்டு, லேசாக உரசித் தூக்கினேன். நின்றது! அப்பளம் பொரிகிற மாதிரிச் சத்தம். வெளிச்சத்தை விட்டுவிட்டு உருகிய இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு மெல்ல நகர்த்தினேன். அதன்பின் பத்து ராடு, ஒன்றுகூட ஒட்டவில்லை. குதிக்காத குறைதான்.

சாயங்காலம் விளக்குப் போட்டதும் அவள் முகத்தைச் சுளித்தாள். "கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி இருக்குங்க." பற்றவைக்கிற வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்த்தால் இப்படித்தான் ஆகும் என்று முதல் நாளே வாத்தியார் சொல்லியிருந்தார். டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து, "இருட்டுல இருங்க, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார். எங்களிடம் இரண்டு நாள் இல்லை.

காலையில் இமை இரண்டும் வீங்கி, தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அப்படியும் புறப்பட்டாள். கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். வாசலில் அவளுடைய அலுவலகத்துத் தோழி, இவளை அக்கா என்று கூப்பிடுகிற பெண், பதறிப்போய் ஓடி வந்தாள்.

"என்னக்கா இது?"

"கண்வலி. தள்ளி நில்லு, நீயாவது பாஸ் பண்ணு."

நான் பக்கத்தில்தான் நின்றேன். நாற்பது நிமிடத்தில் அவள் வெளியே வந்துவிட்டாள். எழுத்தெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிகிறதாம். வீட்டுக்கு வந்து, அடுப்புக்கு மேலே இருந்த காகிதங்களைத் தடவித் தடவி உரித்தாள்.

திங்கட்கிழமை நான் தேறினேன். முதல் உரசலிலேயே பற்றியது. மறுநாளே ஒரு கிளாம்பும் இன்னொரு ஹெல்மெட்டும் வாங்கினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊரே ஒரு பேச்சுக்குச் சொல்லும், நான் அப்படியே செய்தேன். இப்போது எட்டு வருடம் ஆகிறது. கண்ணை மூடிக்கொண்டுகூடப் பற்றவைப்பேன்.

தோழி அந்த வருடமே தேறினாள். இன்று அவள்தான் என் மனைவிக்கு அதிகாரி. நல்ல பெண், போன வாரம் சாப்பிட வந்திருந்தாள். பேச்சுவாக்கில், "அந்தக் கண்வலி மட்டும் வராம இருந்தா, என் நாற்காலியில அக்கா இருந்திருப்பாங்க. இல்லண்ணே?" என்றாள்.

"ஆமாம்மா," என்றேன்.

இத்தனை வருடமும் என்னைத் தூங்கவைத்தது ஒரே ஒரு சமாதானம்தான். அவளும் பேசாமல்தானே உட்கார்ந்திருந்தாள். கண் கூசுகிறது, போதும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேனா? பாதித் தப்பு அவளுடையது என்று எனக்கு நானே பங்கு பிரித்துக் கொடுத்திருந்தேன். தோழி போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் அதைக் கேட்டே விட்டேன்.

"அன்னிக்கு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல நீ?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை, ஆச்சரியம்தான்.

"சொன்னேனே. ரெண்டு தடவ சொன்னேன். கண்ணு கூசுது, விடுங்கன்னேன். 'சும்மா இரு, கை ஆடுது'ன்னு கத்துனீங்களே."

பொய் சொல்கிறவள் இல்லை. அது என் வார்த்தைதான், இன்றும் பட்டறையில் அப்படித்தான் கத்துகிறேன். அந்த மதியம் ஒட்டிய ராடு, நின்ற ராடு எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. அவள் பேசியது மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.