படம் இல்லாத பாட்டு

எங்கள் இசைக்குழு பிறந்தது கெடாரில், எங்கள் நிலத்து மோட்டார் கொட்டகையில். நான் தமிழ்மணி, கிட்டார். டிரம்ஸ் உஸாமா, கோட்டக்குப்பத்துக்காரன். துபாயிலிருந்து அண்ணன் வாங்கி வந்த டிரம்ஸை வேறு யாராவது தொட்டால் அடிக்கவே வந்துவிடுவான். பாடுவது பானுப்ரியா, திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். மூவரும் விழுப்புரத்தில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். நாங்கள் கொஞ்சம் சூடு பிடிக்கும் நேரத்தில்தான் த்ரீ பேஸ் கரண்ட் வரும். அப்பா மோட்டாரைப் போட்டுவிடுவார். அந்தச் சத்தத்தில் எங்கள் பாட்டு எங்களுக்கே கேட்காது. அந்தக் கடுப்பில் குழுவுக்கே ‘த்ரீ பேஸ்’ என்று பேர் வைத்தோம்.

ஒன்றரை வருடத்தில் பதினோரு கல்யாண வரவேற்பு. எல்லாம் சினிமாப் பாட்டு. பானு எழுதி, அவளே மெட்டுப் போட்ட நாலு பாட்டும் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. காரணம் நான்தான். தெரியாத பாட்டைக் கேட்டு ஜனங்கள் எழுந்து பந்திக்குப் போய்விட்டால் மறுபடி யார் கூப்பிடுவார்கள் என்று பயம்.

கிளியனூர் மண்டபத்துக்குக் குட்டியானை லோடு வண்டியில் போகும்போது பானு சொன்னாள்: “இன்னிக்கு எம்பாட்டு ஒண்ணு பாடணும். இல்லன்னா நாளைலேர்ந்து வேற ஆளப் பாத்துக்கோங்க. ஊரான் பாட்டையே எத்தினி நாளு பாடிக்கினு இருக்கறது?”

அவள் கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். அமைதியாகச் சொன்னதால் சரி என்று தலையாட்டினேன். அவள் இல்லாமல் குழுவே இல்லை.

மண்டபத்தில் வழக்கம்போலத் துண்டுச் சீட்டுகள் வந்தன. மாமா கேட்ட பாட்டு, மச்சான் கேட்ட பாட்டு. ஏழு பாட்டு முடிந்ததும் பானு என்னைப் பார்த்தாள்.

“ஜல்தி அனவுன்ஸ் பண்ணுடா,” என்றான் உஸாமா.

மேடையில் அறிவிப்பதற்கு ஒரு வரிசை உண்டு: படம், இசை, பாடல், பாடுபவர். முதலில் படத்தின் பேரைச் சொல்ல வேண்டும். முந்நூறு முகங்கள் என்னையே பார்க்க, என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது: “அடுத்து, சீக்கிரமே வரப்போற புதுப் படத்துலேர்ந்து ஒரு பாட்டு!”

பானு என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். ஆனாலும் பாடினாள்.

“மேகம் கறுக்குது ஓடி வாடி,
ரோட்டு மேல மல்லாட்டை கெடக்குது...”

ரோட்டில் காயப்போட்ட வேர்க்கடலையை மழைக்கு முன் அள்ள ஓடும் பாட்டு. பந்திக்குக் கிளம்பியவர்கள் நின்றார்கள். கடைசி வரிசைப் பெண்கள் தொடையில் தாளம் போட்டார்கள். முடிந்ததும் கைதட்டல் அடங்கவில்லை. நான்கு சீட்டுகள் வந்தன. நான்கிலும் ஒரே கேள்வி: என்ன படம்?

சீட்டுகளைச் சட்டைப் பைக்குள் திணித்தேன். அவளுடைய பாட்டை யாரோ முகம் தெரியாத சினிமாக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். திருடினால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது.

பானு மைக்கை எடுத்தாள். “படம்லாம் ஒண்ணும் இல்லிங்க. இவன் பொய் சொல்ட்டான். இது நான் எழுதுனது. திண்டிவனத்துல ஜெராக்ஸ் கடைல வேல செய்யறேன்.”

உஸாமா குச்சிகளை மடியில் வைத்துவிட்டான். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

முன் வரிசையில் மணப்பெண்ணின் அத்தை எழுந்தார். “எனக்கு அப்பவே டவுட்டு! மழைக்கு ரோட்டுல ஓடி மல்லாட்டை வாருனவளுக்குத்தாம்மா இது வரும். இன்னொரு தபா பாடு. தம்பி, நீ ஒழுங்கா பேர் சொல்லு!”

மண்டபமே சிரித்தது. பானு மைக்கை என் கையில் திணித்தாள். “சொல்லு.”

இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் அறிவித்ததில்லை.

“படம், இல்லை. இசை, பானுப்ரியா. பாடல், பானுப்ரியா. பாடுவது...”

மீதியை மண்டபமே சொன்னது.