கோட்டின் மேல் ஒரு புள்ளி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மகளின் வரைபடத்தாளில் பிறந்தது. வீட்டுப்பாடத்துக்காக அவள் குறுக்கே ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் முழுக்கப் பென்சிலால் தீட்டினாள்.

"இந்தப் பக்கம் இருக்கிறதெல்லாமே விடைதாம்பா."

"எத்தனை?"

"எண்ண முடியாது. தாள்தான் தீர்ந்துபோச்சு."

என் காலத்தில் கணக்குக்கு ஒரே விடைதான், அதுவும் எனக்குக் கிடைத்ததில்லை.

2

அந்தக் கோட்டின் மேல் யாரையாவது நிறுத்திப் பார்க்க ஆசை. [ஒரு பேக்கரிக்காரர் விடிவதற்குள்] வேண்டாம், அவருக்கு அடுப்பே போதும்.

ஒரு படகுக்காரன். யாரிடமும் மறுத்துச் சொல்லத் தெரியாதவன். போன மாதம் அளவுக்கு மீறி ஏற்றி, நடு ஆற்றில் படகு சாய்ந்து, முழங்கால் வரை தண்ணீர். யாரும் சாகவில்லை, அவனுடைய தூக்கம்தான் போனது.

அவன் அக்கா கணக்கு டீச்சர். படகில் "600 கிலோ" என்று மட்டும் எழுதியிருந்தது. தம்பியைச் சேர்க்காமல் ஆளுக்கு அறுபது, மூட்டைக்கு முப்பது என்று வைத்து, வரைபடத்தாளில் குறுக்கே ஆட்கள் எத்தனை, மேல்நோக்கி மூட்டைகள் எத்தனை என்று குறித்து, நடுவில் ஒரு கோடு போட்டாள். ஒரு பக்கத்தைத் தீட்டி, படகில் ஒட்டிவிட்டு வகுப்புக்கு ஓடினாள்.

3

வேண்டாத பக்கத்தைத் தீட்டுவது அவள் படித்த முறை. தம்பிக்கு அது எப்படித் தெரியும்? தீட்டிய பக்கம்தான் போகலாம் என்று நினைத்துவிட்டான்.

(இந்த இடத்தில் படகைக் கவிழ்ப்பதாக இருந்தேன். அவன் விடவில்லை.)

காலிப் படகில் உட்கார்ந்து தாளைப் பார்த்தான். ஆளும் இல்லை, மூட்டையும் இல்லை. அப்படியென்றால் இரண்டும் பூஜ்ஜியம், மூலையில் இருக்கும் ஆதிப்புள்ளி. அது வெள்ளையில் இருந்தது.

"காலிப் படகு போகக் கூடாதுன்னு அக்கா சொல்லுமா?"

வெள்ளைதான் போகும் பக்கம். ஒற்றைப் புள்ளியை வைத்து, இன்னும் ஏறாதவர்கள், இன்னும் பிறக்காதவர்கள் எல்லோருக்கும் பதில் கண்டுபிடித்துவிட்டான்.

4

சாயங்காலம், கடைசிப் படகு. ஏழு பேர், நாலு மூட்டை. அக்கா ஓடி வருகிறாள். அக்கரை ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு முடியவில்லை.

"ஒரு ஆள்தானே, ஏத்திக்கோப்பா" என்றார் ஒருவர்.

அவன் தாளில் விரல் வைத்தான். எட்டு, நாலு.

"கோட்டு மேலயே விழுதுக்கா. நீதானே போட்ட, நீயே சொல்லு."

"அம்மா அங்க கிடக்கும்போது என்கிட்ட கேக்காதடா. தாளைப் பாரு."

5

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். இரண்டாம் பகுதியில் "ஒரு கோடு போட்டாள்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டேன். முழுக்கோடென்றால் அதன் மேல் நிற்பவரும் வரலாம். விட்டுவிட்டுப் போட்ட கோடென்றால் கூடாது. இரண்டையும் எழுதிப் பார்த்தேன்.

[அக்கா ஏறி உட்கார்ந்தாள். நடு ஆற்றில் காற்று]

[அக்கா கரையிலேயே நின்று, விளக்கு மறையும் வரை]

முடியவில்லை. நீங்கள் மேலே போய் அந்தக் கோட்டைப் போட்டுவிட்டு வாருங்கள். மெதுவாக வாருங்கள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவள் ஒரு காலைப் படகில் வைத்துவிட்டாள்.